ஆறாம் மேசையிலை நிண்ட மற்றவள்

அந்தப் பேப்பரை மடிச்சு வைக்காதையும் பிள்ளை. ஒருக்காத் தாரும். வாசிக்க இல்லை, படத்தைப் பாக்கத்தான். ஓம், இதுதான். தலையைச் சரிச்சுக்கொண்டு சிரிக்கிறாளே, இவள்தான். உமக்கு இவளைத் தெரியுமோ? தெரியாதோ. நல்லது.

துரொண்ட்ஹைமிலை ரெயில் ஏறேக்கையே உம்மைக் கண்டனான். தமிழ்ப் பிள்ளை எண்டு முகம் சொல்லிப்போட்டுது. இந்தியாவோ? திருச்சியோ. படிக்க வந்தனீரோ. சரி, சரி. எங்கடை தமிழ் விளங்குதுதானே? விளங்காட்டில் கேளும், மெதுவாச் சொல்லுறன். ஒஸ்லோவுக்கு இன்னும் ஆறு மணித்தியாலம் கிடக்கு.

நொஸ்க் வாசிப்பீரோ? இந்த நாட்டு மொழியைத்தான் கேட்கிறன். இன்னும் இல்லையோ. அப்ப படத்துக்குக் கீழை என்ன கிடக்கு எண்டு நானே சொல்லுறன். 'நோர்வேயின் நாடகாசிரியரும் விமர்சகருமான நகுலா வைத்திலிங்கம்.' நோர்வேயின்ரையாம்! பருத்தித்துறைப் பெட்டை அவள். முழுப்பேர் நகுலேஸ்வரி. நோர்வே எண்ட பேரையே இருபத்திமூண்டு வயதிலைதான் கேள்விப்பட்டவள். நான் இருபத்திரண்டு வயதிலையே கேள்விப்பட்டனான்.

எனக்கு அவளிலை பொறாமை எண்டு என்ரை மனுசன் சொல்லுறார். பொறாமை இல்லை பிள்ளை. நடந்ததைச் சொல்லுறன், கேட்டுப்போட்டு நீரே சொல்லும்.

ரெண்டு பேரும் ஒரே கிழமையிலைதான் இந்த நாட்டுக்கு வந்தனாங்கள். எண்பத்தேழாம் ஆண்டு. வார்டோ எண்டு ஒரு ஊர், வடகிழக்குத் தொங்கல், அதுக்கு அங்காலை கடல்தான். ஒரு மரம் இல்லை. காத்து ஆளைத் தூக்கும். அங்கை மீன் பக்டரியிலை வேலை. எனக்கும் அவளுக்கும் ஆறாம் மேசை. அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவிலை மீன். முள் எடுத்து, புழு பாத்து, வெட்டிப் பெட்டியிலை போடவேணும். இருக்கிற அறையும் ஒண்டுதான். ரெண்டு கட்டில், ஒரு அடுப்பு.

வேலை முடிய மொழி வகுப்பு. இதைக் கட்டாயம் கேளும். வகுப்பிலை நான்தான் முதலாம் ஆள். சொல்வதெழுதிலை ஒரு பிழை விட்டதில்லை. அவளோ, நேற்று எண்டதுக்கு நாளைக்கு எண்டுவாள், ஆணைப் பெண்ணாக்குவாள். ஆனால் வாய் மூடாள். சாப்பாட்டு நேரம் அந்தப் பக்டரிக் கிழவியளுக்கு நடுவிலை போய் இருந்துகொண்டு, இதுக்கு என்ன பேர், அதுக்கு என்ன பேர், உன்ரை மனுசன் ஏன் குடிக்கிறவன் எண்டு கேட்பாள். அவையள் விழுந்து விழுந்து சிரிப்பினம். பாக்க எனக்குத்தான் வெக்கம். பிழை இல்லாமல் கதைக்க வந்தாப்பிறகு கதைப்பம் எண்டு நான் என்ரை மூலையிலை இருந்து பாண் சாப்பிடுவன். அந்த ஊரிலை மூண்டு வருசம் இருந்தன். ஒரு பிழையும் விடேல்லை.

அவள் விமர்சகர் ஆன கதையைக் கேளும். அந்த ஊரிலை வருசத்துக்கு ஒருக்கா ஊர்ச்சனம் சேர்ந்து பாட்டு, பகிடி, கூத்து எண்டு மேடையேத்துவினம். நாங்களும் போனனாங்கள். எனக்கும்தான் அலுப்பாக் கிடந்தது. ஆனால் நான் மரியாதையாக் கை தட்டிப்போட்டு வந்து படுத்தன். அவள் என்ன செய்தாள்? ஊர்ப் பேப்பருக்கு எழுதிப்போட்டாள். முதல் பாதி நல்லம், ரெண்டாம் பாதியிலை நித்திரை வந்தது, பேக்கரிக்காரன் பாடினால் நாய் எழும்பிப் போகும் எண்டு. பேப்பர்க்காரன் பிழையளையும் திருத்தாமல் அப்பிடியே போட்டுவிட்டான்.

நான் பயந்துபோனன். எங்களை ஊரை விட்டுக் கலைக்கப்போறாங்கள் எண்டு. கலைச்சாங்களோ? அந்தப் பேக்கரிக்காரன் பாதிக்கு மட்டும் கிறீம் பூசி ஒரு பணிஸ், உங்கடை பன்தான், போட்டான். பேர் என்ன தெரியுமோ? 'நகுலாவின்ரை ரெண்டாம் பாதி.' சனம் வரிசையிலை நிண்டு வாங்கிச்சுது. அவனிட்டை நான் மூண்டு வருசம் பாண் வாங்கினனான் பிள்ளை. சில்லறைகூடச் சரியாக் குடுப்பன். எனக்கு ஒரு பணிசுக்கும் பேர் வைக்கேல்லை.

சரி, பணிஸ் கதையை விடும்.

அடுத்த வருசம் மாசியிலை ஊரிலையிருந்து எனக்குக் கடிதம் வந்தது. எனக்கு ஒரேயொரு தம்பி. யோகன். மண்ணெண்ணெய் வாங்கப் போன இடத்திலை ஷெல் விழுந்து செத்துப்போனான். இருபது வயது. கடிதம் வந்து சேர முப்பத்தாறு நாள். அவன் செத்து முப்பத்தாறு நாளாச்சு, நான் ஒண்டும் தெரியாமல் சாப்பிட்டுக் குடிச்சுத் திரிஞ்சிருக்கிறன்.

நகுலாதான் பக்கத்திலை இருந்தவள். என்னைப் பிடிச்சுக்கொண்டு ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தாள். அவள் சொல்லாமல் இருந்தது அந்த ஒருக்காத்தான். அடுத்த நாள் காலமை நான் வேலைக்குப் போனன். 'போகாதை தவம், நான் போய்ச் சொல்லுறன்' எண்டாள். 'ஒருத்தருக்கும் சொல்லாதை' எண்டன். அவையள் வந்து கேட்டால் நான் அழவேணும், அழுதுகொண்டு நொஸ்க் கதைக்கவேணும், அதிலை பிழை வரும். அதாலை போய் மேசையிலை நிண்டு மீன் வெட்டினன். எட்டு மணித்தியாலம். முன்னாலை அவள் நிண்டு பாத்துக்கொண்டு வெட்டினாள்.

தண்ணியோ? இல்லை, எனக்கு ஒண்டுமில்லை. தொடர்ந்து சொல்லுறன்.

அதுக்குப் பிறகு நான் கலியாணம் கட்டி துரொண்ட்ஹைமுக்கு வந்திட்டன். வயது போன ஆக்களைப் பராமரிக்கிற இல்லத்திலை சமையல் வேலை, இருபத்தாறு வருசம். ரெண்டு பெடியள். அவள் ஒஸ்லோவுக்குப் போய் நாடகம் படிச்சாள். பெரிய பேப்பர் ஒண்டிலை விமர்சனம் எழுதினாள். அவள் கிழிச்சு எழுதினால் கிழிச்சதுதான். ஒரு பேர்போன நெறியாளர் அவளைக் கண்டால் றோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போவாராம். இதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும் எண்டால், ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் எடுப்பாள். நான் ரெலிபோனைத் தோளிலை இடுக்கிக்கொண்டு வெங்காயம் வெட்டுவன். அவள் சொல்லுவாள், நான் 'அப்பிடியோ' எண்டுவன். இருபத்திமூண்டு வருசம் ஒரு ஞாயிறு தவறவிடேல்லை அவள். ஊரிலை தாய் செத்துப்போன கிழமையும் எடுத்தவள்.

பிறகு தானும் நாடகம் எழுதத் தொடங்கினாள். முதல் ரெண்டும் படுத்துப்போச்சு. எனக்குச் சரியான கவலை. கவலையோடை அண்டைக்குப் பாயாசம் வைச்சன். அது மூத்த பெடியன்ரை பிறந்தநாளுக்கு வைச்சது. பிறந்தநாள் அடுத்த கிழமைதான், எண்டாலும்.

மூண்டாவது நாடகம்தான் 'ஆறாம் மேசை'. பத்து வருசத்துக்கு முந்தி. ஒஸ்லோவிலை பெரிய நாடக மண்டபம். ரிக்கற்றை வாங்கினது ஆர் எண்டு நினைக்கிறீர்? என்ரை பெடியள்! நான் பெத்து வளத்த பெடியள். 'நகுலா அன்ரியின்ரை நாடகம் அம்மா' எண்டு துள்ளிக்கொண்டு வந்தாங்கள். ரெண்டாம் வரிசையிலை இருந்தம்.

திரை திறக்க, மேடையிலை ஒரு மேசை. உண்மையான மீன். ரெண்டு பொம்பிளையள். ஒருத்தி பிழை பிழையாக் கதைச்சுக்கொண்டே நிக்கிறாள், சனம் வயிறு நோகச் சிரிக்குது. மற்றவள் வாயே திறக்கிறாள் இல்லை. பிறகு அந்த வாய் திறக்காதவளுக்கு ஒரு கடிதம் வருது. அவள் வாசிச்சு, மடிச்சு, சட்டைக்குள்ளை வைச்சுப்போட்டு மீன் வெட்டத் தொடங்குறாள். வெட்டுறாள். வெட்டுறாள். ஏழு நிமிசம். நான் மணிக்கூடு பாத்தனான். ஒரு சத்தம் இல்லை, கத்தி மட்டும். பின்னாலை சனம் மூக்குச் சீறுது. முடிய எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டிச்சினம். என்ரை சின்னவன் கண்ணைத் துடைச்சுக்கொண்டு தட்டுறான். அவனுக்கு அந்தக் கடிதத்திலை செத்தது தன்ரை மாமா எண்டு தெரியாது. நான் சொல்லேல்லையே.

நகுலா மேடைக்கு வந்தாள். இவ்வளவு பெரிய பூக்கொத்து. செத்தது என்ரை தம்பி பிள்ளை. பூ அவளுக்கு.

முடிய ஓடி வந்து என்ரை கையைப் பிடிச்சாள். முகம் வெளிறிப்போய்க் கிடந்தது.

"தவம், எப்பிடி? உண்மையைச் சொல்லு."

"நல்லாயிருந்தது" எண்டன்.

வீட்டை வந்து நாலு பக்கம் எழுதினன். நொஸ்கிலை. அவளின்ரை பேப்பருக்கே, ஆசிரியருக்குத்தான் எழுதினன். அவளுக்கு வேலை போகவேணும் எண்டுதான் எழுதினன், உமக்கு ஏன் பொய் சொல்லவேணும். உங்கடை விமர்சகர் ஒரு கள்ளி எண்டு தொடங்கினன். பிறகு என்னவோ கை தன்ரை பாட்டிலை போச்சுது. அந்த ஏழு நிமிசம் நான் சும்மா நிக்கேல்லை எண்டு எழுதினன். அண்டைக்கு நான் நாள் எண்ணினனான். ஒரு மீனுக்கு ஒரு நாள். அவன் செத்த நாள் சனிக்கிழமை, அண்டைக்கு நான் ஊர்ச் சினிமாவிலை பகிடிப் படம் பாத்துச் சிரிச்சனான். மூண்டாம் மீன், சிவப்புக் கம்பளித் தொப்பி வாங்கின நாள். ஒன்பதாம் மீன், பனியிலை சறுக்கி விழுந்து நானும் நகுலாவும் எழும்ப ஏலாமல் சிரிச்ச நாள். பத்தொன்பதாம் மீன், சுடுதண்ணி முடிஞ்சுபோச்சு எண்டு அவளோடை சண்டை பிடிச்ச நாள். முப்பத்தாறு மீன் முடிய, திரும்ப முதல் நாளிலையிருந்து தொடங்கினன். எட்டு மணித்தியாலமும் அதைத்தான் செய்தன். இதொண்டும் நாடகத்திலை இல்லை, அந்த மேசையிலை நிண்டவள் நான், என்னை ஒருத்தரும் கேட்கேல்லை எண்டு எழுதி, பேரும் விலாசமும் போட்டு அனுப்பினன்.

நாலாம் நாள் கதவு தட்டுப்பட்டுது. திறந்தால் நகுலா. கையிலை என்ரை கடிதம். ஆசிரியர் அவளிட்டையே குடுத்திட்டார்.

"இதை நீயோ எழுதினனீ?"

"வேறை ஆர்?"

"ரெண்டே ரெண்டு பிழைதான் கிடக்கு."

"எங்கை?" எண்டு நான் பறிச்சன். அந்த நேரத்திலையும் எனக்கு அதுதான் வந்தது. அவள் சிரிக்கேல்லை. சப்பாத்தும் கழட்டாமல் வாசலிலையே நிண்டாள்.

"தவம், நான் ஏன் உன்னை வாய் பேசாமல் நிக்க விட்டனான் தெரியுமோ? நீ என்ன நினைச்சுக்கொண்டு வெட்டினனீ எண்டு எனக்குத் தெரியாது. தெரியாததை மறைக்கத்தான் அந்த ஏழு நிமிசம். அதுக்குப் போய்ச் சனம் எழும்பி நிக்குது."

"அது என்ரை பிழையோ?"

"என்ரை பிழை. அந்த ஊரிலை ஒவ்வொரு கிழவியிட்டையும் கேள்வி கேட்டனான். உன்னட்டைக் கேட்கேல்லை."

"ரீ போடுறன், இரு" எண்டன். கோபத்தோடைதான் சொன்னனான். அவள் இருக்கேல்லை, போயிட்டாள்.

அடுத்த கிழமை பேப்பரிலை வந்துது. என்ரை கடிதம் ஒரு எழுத்துக் குறையாமல், அந்தக் 'கள்ளி'யோடை சேர்த்து. அதோடை, அவள் தன்ரை நாடகத்துக்குத் தானே எழுதின விமர்சனம். பிள்ளை, ஊரான்ரை நாடகத்தைக்கூட அவள் அப்பிடிக் கிழிச்சதில்லை. 'இதை எழுதினவருக்குக் கண் இருக்கிறது, காது இல்லை. மேடையில் ஒரு பெண்ணின் துயரத்தை வைத்துவிட்டு அவளைப் பேசவிடாமல் செய்திருக்கிறார். நாம் அதற்குக் கை தட்டினோம்.' கடைசி வரி, 'பார்க்க வேண்டாம்.'

பிறகு என்ன? மண்டபத்துக்காரருக்குக் கோபம். நாடகம் பாதியிலை நிண்டுது. தன்ரை நாடகத்தைத் தானே விமர்சிக்கிறது முறை இல்லை எண்டு பேப்பரிலையும் அவளை நிப்பாட்டிச்சினம். எனக்குச் சந்தோசம். ரெண்டு நாள் நல்ல சந்தோசம். மூண்டாம் நாள் சோறு இறங்கேல்லை. சமைச்சது சரியில்லை போலை.

ஆனால் நடந்ததைப் பாரும். வேலை போனது அவளுக்கு, பேர் வந்ததும் அவளுக்குத்தான். 'எவ்வளவு நேர்மையான மனுசி' எண்டு நாடு முழுக்கக் கதை. அவளின்ரை விமர்சனம் முன்பக்கத்திலை, என்ரை கடிதம் முப்பத்தோராம் பக்கத்திலை. நான் திட்டினாலும் அவளுக்குத்தான் புகழ். எங்கடை இல்லத்திலை ஒரு கிழவர் மட்டும், 'மீன்களை எண்ணியது நீயா?' எண்டு கேட்டு என்ரை கையைப் பிடிச்சார். அவர் ஒருத்தர்தான். சரி, இன்னும் நாலைஞ்சு பேர் கடிதம் போட்டவை. பதினேழு பேர். அது பெரிய விசயமில்லை.

என்ரை பெடியள் ஒரு மாதம் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை. எனக்கும் அவளுக்கும் நடுவிலை வந்த பிரச்சினைக்காக எண்டு நினைச்சன். இல்லையாம். மாமா ஒருத்தர் இருந்தவர் எண்டு தங்களுக்குப் பேப்பரிலை வாசிச்சுத்தானோ தெரியவேணும் எண்டு மூத்தவன் கேட்டான்.

அதுக்குப் பிறகு அவள் ரெலிபோன் எடுக்கேல்லை. பத்து வருசம். மொழி வகுப்பிலை படிப்பிக்கிறாள், அங்கை இங்கை எழுதுறாள் எண்டு பெடியள் சொல்லுவாங்கள். நான் எடுத்திருக்கலாம்தான். ஆனால் நான் ஏன் எடுக்கவேணும்? எடுக்கிறவள் அவள்தானே. ஞாயிறு எண்டால் நான் வீட்டை விட்டு வெளிக்கிடமாட்டன். வெங்காயத்தை எடுத்துக்கொண்டு குசினியிலை இருப்பன். ரெண்டு பேருக்கு எவ்வளவு வெங்காயம் தேவை? மனுசன் ஏசுவார்.

போன சித்திரையிலை கடிதம் வந்தது. அவளின்ரை கையெழுத்து, தமிழிலை. 'ஆறாம் மேசை'யைத் திரும்பப் போட ஒரு சின்ன நாடகக் குழு கேட்குதாம். தான் ஒரு நிபந்தனை வைச்சிருக்கிறாளாம். அந்த ஏழு நிமிசத்தையும் தவம் எழுதவேணும், தவமே மேடையிலை நிண்டு சொல்லவேணும், இல்லாட்டில் நாடகம் இல்லை எண்டு. நடிகை வேண்டாமாம். அறுபது வயதிலை என்னை மேடையிலை ஏறட்டாம்! நோர்வேச் சனத்துக்கு முன்னாலை, நொஸ்கிலை! அவளின்ரை துணிவைப் பாத்தீரோ?

ஓம், இண்டைக்குத்தான். பின்னேரம் முதல் ஒத்திகையாம். ஏலாது எண்டு முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டு வரத்தான் போறன்.

ரெலிபோனிலை சொல்லியிருக்கலாம்தான். நீரும் என்ரை மனுசனைப் போலை கேட்கிறீர்.

இதோ? இது சும்மா. பதினொரு பக்கம். பொழுது போகேல்லை எண்டு எழுதினது. மண்ணெண்ணெய்ப் போத்தலிலையிருந்து தொடங்கினன், யோகன் சின்னனிலை நீந்தப் பயந்தவன், அதெல்லாம் வருது. நகுலாவையும் கொஞ்சம் போட்டிருக்கிறன். அந்த எட்டு மணித்தியாலமும் அவள் தன்ரை மீனையும் வெட்டி, எனக்குத் தெரியாமல் என்ரை பெட்டியிலையும் போட்டுக்கொண்டு நிண்டவள். நான் குறைவா வெட்டினால் மேற்பார்வைக்காரன் வந்து என்ன எண்டு கேட்பான் எண்டு. நான் கண்டனான். அதை அவள் தன்ரை நாடகத்திலை போடேல்லை. ஏன் போடேல்லை எண்டு எனக்கு இண்டைவரைக்கும் விளங்கேல்லை. நான் எண்டால் அதைத்தான் முதல் போட்டிருப்பன்.

பிழையோ? பிழை கிடக்கும். நிறையக் கிடக்கும். மூத்தவன் திருத்தித்தாறன் எண்டான், நான் குடுக்கேல்லை.

ஒஸ்லோ வந்திட்டுது என்ன? ஆறு மணித்தியாலமும் நான்தான் கதைச்சிருக்கிறன். உம்மடை பேரைக்கூடக் கேட்கேல்லை. இன்பரசியோ. வடிவான பேர். அந்தப் பெட்டியை மட்டும் இறக்கித் தாரும் இன்பரசி.

கொஞ்சம் பொறும். கண்ணாடியாலை அங்கை பாரும், அந்தத் தூணுக்குப் பக்கத்திலை. பச்சைக் கோட்டு. கடவுளே, தடி பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். கால் இப்பிடி ஏலாமல் போச்சுது எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே. படத்திலையும் தலையை மட்டும்தானே போட்டிருக்கிறாங்கள். அந்தக் காலோடை ரெயிலடிக்கு ஏன் வந்தவள்? நான் வரச் சொன்னனானோ? இந்த ரெயில் எண்டு பெடியள்தான் சொல்லியிருப்பாங்கள்.

எண்டாலும் பாரும், அந்த நரை அவளுக்கு எவ்வளவு எடுப்பாக் கிடக்கு. நான் மாதம் மாதம் மை பூசுறன்.

நீர் இறங்கும் பிள்ளை, நான் பின்னாலை வாறன். ஒவ்வொரு ரெயில் பெட்டிக் கண்ணாடியிலையும் எட்டி எட்டிப் பாத்துக்கொண்டு வாறாள். என்னைத்தான் தேடுறாள்.

தேடட்டும். இன்னும் கொஞ்சம் தேடட்டும்.